காய்ந்தால் கிருமி செத்துவிடுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பக்கவாதம் வந்த அப்பாவை ஐ.சி.யு.வில் சேர்த்து வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். இரண்டாவது வாரம் சளி கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வந்தது. "இது ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற கிருமி" என்றாராம் டாக்டர். ஏ.சி. அறை, சொட்டு ஈரம் இல்லை, தினமும் மூன்று வேளை துடைக்கிறார்கள், நாங்களும் செருப்பை வெளியே விட்டுத்தான் போனோம். காய்ந்துகிடக்கும் இடத்தில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றுதானே பொருள்? இப்போது அப்பா வீடு திரும்பிவிட்டார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, என்ன செய்ய வேண்டும்? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறேன். தொற்றுக் கட்டுப்பாடுதான் அன்றாட வேலை. முதல் கேள்வி விளங்கிவிட்டால் மற்றவை பாதி விளங்கிவிடும் என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

காய்ந்தால் கிருமி செத்துவிடும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. தலையணையை மொட்டைமாடியில் போடுவதும் குழந்தைத் துணியை வெயிலில் உலர்த்துவதும் நல்ல பழக்கங்கள்தாம். ஆனால் அங்கே கிருமியைக் கொல்வதில் பெரும்பங்கு வெயிலின் புற ஊதாக் கதிருக்கும் சூட்டுக்கும் உரியது, வறட்சிக்கு அல்ல. ஐ.சி.யு.வில் அந்த இரண்டும் கிடையாது. ஜன்னல் மூடிய குளிர்ந்த அறையில், மானிட்டர் பொத்தானின் ஓரத்தில் ஒரு துளி சளி காய்வது வேறு சங்கதி. விதைநெல்லைக் காயவைப்பது அதைக் கொல்வதற்கல்லவே. நாங்களே ஒரு பாக்டீரியாவைப் பல ஆண்டுகள் கெடாமல் வைத்திருக்க வேண்டுமென்றால், அதை உறையவைத்து, நீரை உறிஞ்சியெடுத்து, பொடியாக்கிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து மூடுகிறோம். சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துக்கு எழுதிக் கேட்டால் அப்படி உலர்த்திய பொடியாகத்தான் அனுப்பிவைப்பார்கள். வளர்ப்பு நீரை விட்டால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வளர்ந்து நிற்கும்.

மருத்துவமனைக் கிருமிகள் உலர்ந்த பரப்பில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஜெர்மனியைச் சேர்ந்த கிராமர், ஷ்வெப்கே, காம்ஃப் என்ற மூவர் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இருக்கும் எவரும் அதன் அட்டவணையை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அதில் உங்கள் அப்பாவுக்கு வந்த அசினெட்டோபாக்டருக்கு 3 நாள் முதல் 5 மாதம் வரை என்று இருக்கிறது. பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. உட்பட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு 7 நாள் முதல் 7 மாதம். என்டரோகாக்கஸுக்கு 5 நாள் முதல் 4 மாதம். கிளெப்சியெல்லாவுக்கு 2 மணி நேரம் முதல் 30 மாதத்துக்கு மேல். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலின் வித்துகளுக்கு 5 மாதம். காலரா கிருமி மட்டும் 1 முதல் 7 நாளில் முடிந்துபோகிறது. அது தண்ணீரை நம்பிப் பிழைப்பது.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். "2 மணி நேரம் முதல் 30 மாதம்" என்றால் அது ஓர் அளவே அல்ல, பல அளவுகளின் இரு முனை. ஒருவர் கண்ணாடியில் காயவைத்தார், இன்னொருவர் துணியில். ஒருவர் சில ஆயிரம் கிருமிகளை வைத்தார், இன்னொருவர் பல கோடியை. ஒருவர் வெறும் நீரில் கலந்து வைத்தார், மற்றவர் ரத்தச்சீரத்தில் கலந்தார். மிக நீண்ட காலத்தைக் காட்டிய சோதனைகளில் பெரும்பாலும் தொடக்க எண்ணிக்கை மிக அதிகம். கோடிக்கணக்கில் வைத்தால் 99.99 விழுக்காடு செத்த பிறகும் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். ஆகவே அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான்: ஒரு நோயாளி வீட்டுக்குப் போய், அடுத்தவர் அதே கட்டிலுக்கு வரும் இடைவெளி சில மணி நேரம். அந்த இடைவெளியைத் தாண்டுவது இந்தக் கிருமிகளுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த இடத்தில் அவை பிழைத்துக் கிடக்கின்றன, பெருகுவதில்லை. பெருக நீர் வேண்டும். அதனால்தான் கைகழுவும் தொட்டியின் வடிகுழாய், ஈரப்பதமூட்டியின் தண்ணீர், நெபுலைசரின் கிண்ணம் போன்ற ஈரமான இடங்கள் தனித் தலைவலி. அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் கிளெப்சியெல்லாவும் குடும்பம் நடத்தும். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

நீர் வற்றும்போது ஒரு பாக்டீரியாவுக்குள் நடப்பது லேசான சேதமல்ல. செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு இறுகி நெகிழ்வை இழக்கும், புரதங்கள் தம் வடிவம் குலையும், ஆக்சிஜனின் தீவிரத் துணுக்குகள் பெருகி டி.என்.ஏ.வை அறுக்கும். பெரும்பாலான செல்கள் இதில் இறந்துவிடுகின்றன. மிஞ்சும் சில செல்களைக் காப்பாற்றும் உத்திகளை அசினெட்டோபாக்டர் பௌமானியில் நன்றாகப் பார்க்கலாம். அதன் மேல் ஒரு சர்க்கரைப் போர்வை இருக்கிறது. அது நீரை எளிதில் விடாது. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் செய்து, போன நீரின் இடத்தில் நிறுத்தி, புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும். வறட்சிக்கென்றே சில புரதங்களைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அறுந்த டி.என்.ஏ.வை மீண்டும் ஈரம் கிடைக்கும்போது ஒட்டுப்போடும் ஏற்பாடும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1998-இல் செய்த சோதனையில், கண்ணாடித் துண்டில் 31 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்த அசினெட்டோபாக்டர் சராசரியாக ஏறத்தாழ 27 நாள் உயிரோடு இருந்தது. பெரிய தொற்றுப்பரவலை உண்டாக்கிய வகைக்கும், தனியாக ஒருவருக்கு மட்டும் வந்த வகைக்கும் இதில் வேறுபாடு இல்லை. அந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில மருத்துவமனைகளில் இது தீயாகப் பரவுவதற்கும் சிலவற்றில் ஓரிருவரோடு நின்றுவிடுவதற்கும் காரணத்தைக் கிருமியிடம் மட்டும் தேடிப் பயனில்லை.

இதே கிருமி அமெரிக்க ராணுவத்தைப் படுத்திய பாடு பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தக்கது. 2003-இல் ஈராக் போர் தொடங்கியபின், காயம்பட்டுத் திரும்பிய வீரர்களிடம் எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத அசினெட்டோபாக்டர் வரிசையாகத் தென்பட்டது. "ஈராக்கிபாக்டர்" என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. குண்டு வெடிக்கும்போது பாலைவன மண் காயத்தில் புகுந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மண்ணைச் சோதித்தார்கள், ஏறத்தாழ ஒன்றும் தேறவில்லை. பிறகு போர்க்களத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த கூடார மருத்துவமனைகளில் மாதிரி எடுத்தார்கள். எடுத்த ஏழு இடங்களிலும், சிகிச்சை நடக்கும் பகுதிகளிலேயே அது இருந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு மண்ணைக் குற்றம் சொல்வது குறைந்தது. எதிரி நாட்டு மண்ணைவிடத் தங்கள் கட்டில்தான் காரணம் என்று ஒப்புக்கொள்வது எந்த நிறுவனத்துக்கும் கஷ்டம்தான்.

சரி, தினமும் துடைக்கிறார்களே என்பது உங்கள் அடுத்த வாதம். துடைத்தும் போகாததற்கு ஒரு காரணம் அண்மைக் காலத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. பல்லில் படியும் காரைபோல பாக்டீரியாக்கள் ஒட்டுப்பசையை உண்டாக்கி அதற்குள் ஒண்டி வாழும் படலத்தை பயோஃபில்ம் என்கிறோம். இது ஈரமான இடத்து விவகாரம், உடலில் செருகும் கதீட்டர், தண்ணீர்க் குழாய் என்று மட்டும்தான் வெகுகாலம் நினைத்திருந்தோம். ஆஸ்திரேலியாவில் கேரன் விக்கரி குழுவினர் ஒரு ஐ.சி.யு.வை முழுமையாகச் சுத்தம் செய்து முடித்த பிறகு, அங்கிருந்த பொருள்களையே வெட்டியெடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஜன்னல் திரையின் கயிறு உட்பட உலர்ந்த பொருள்களில் படலம் இருந்தது; சிலவற்றிலிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ. உயிரோடு வளர்ந்தது. இது 2012-இல் வந்தது. 2015-இல் அதே வழியில் 44 மாதிரிகளைப் பார்த்தபோது 41-இல் படலம். பிரிட்டனின் மூன்று மருத்துவமனைகளில் நோயாளிக் கோப்பு, கீபோர்டு போன்றவற்றைப் பார்த்தபோதும் பத்தில் ஒன்பதுக்கு மேல் இருந்தது. வழக்கமான ஸ்வாப்பை எடுத்துத் தேய்த்தால் இது பஞ்சில் ஒட்டி வராது. கிருமி வளர்க்கும் தட்டில் ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை போகும். படலத்துக்குள் கிருமிநாசினி முழுதாக இறங்காது. இதை அகற்ற மருந்தைவிடத் தேய்ப்பதுதான் முக்கியம். அழுத்தித் தேய்க்கும் கைக்கு மாற்றாக எந்த ரசாயனமும் இன்னும் வரவில்லை.

இனி ஒரு நியாயமான சந்தேகம்: கட்டில் கம்பியில் கிருமி இருக்கிறது என்பதாலேயே அது நோயாளிக்கு வந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. எங்கள் துறையிலேயே நெடுங்காலம் இந்தச் சண்டை இருந்தது. 1982-இல் டென்னிஸ் மாக்கி அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு நல்ல வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார். அங்கே பல்கலைக்கழக மருத்துவமனை பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாறியது. சுவரும் தரையும் கட்டிலும் புதிது. தொற்று விகிதமோ மாறவே இல்லை. ஆக, சுற்றுப்புறத்துக்குப் பெரிய பங்கில்லை என்று எழுதினார். அந்தக் கட்டுரையின் செல்வாக்கில் துடைப்பது என்பது பார்வைக்காகச் செய்யும் வேலை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அவர் ஆய்வில் தவறில்லை. ஆனால் புதுக் கட்டடத்துக்கு அதே ஊழியர்களும், அதே வகை நோயாளிகளும், அதே பழக்கங்களும்தானே குடிபோனார்கள்? சில மாதங்களில் புதுக் கட்டிலும் பழைய கட்டிலைப் போலவே ஆகியிருக்கும்.

கேள்வியை வேறு விதமாகக் கேட்டபோது வேறு பதில் வந்தது. 2006-இல் பாஸ்டனில் சூசன் ஹுவாங் குழுவினர் பார்த்தது இது: ஐ.சி.யு. அறையில் இதற்கு முன் இருந்தவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்திருந்தால், புதிதாக அந்த அறைக்கு வருபவருக்கு அது தொற்றும் வாய்ப்பு 3.9 விழுக்காடு, முன்னவரிடம் இல்லாவிட்டால் 2.9. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. இடையில் இருந்தது அறை மட்டும். பிரான்சின் லீல் நகரில் அசினெட்டோபாக்டருக்கும் சூடோமோனாஸுக்கும் இதே தொடர்பைக் கண்டார்கள். வேறுபாடு உண்மையானது, ஆனால் எண்ணைக் கவனியுங்கள்: முன்னவரிடம் கிருமி இல்லாத அறைகளிலும் நூற்றுக்கு 2.9 பேருக்கு வந்திருக்கிறது. அறை ஒரு வழி. ஒரே வழி அல்ல.

கட்டில் கம்பியிலிருந்து கிருமி தானாக எழுந்து நோயாளியின் மூச்சுக்குழாய்க்குப் போகாது. கொண்டுபோவது கை. மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் உள்ள நோயாளிகளின் அறையில் சிகாகோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளியைத் தொடாமல் சுற்றியிருந்த பொருள்களை மட்டும் தொட்ட ஊழியர்களில் 52 விழுக்காட்டினரின் கையிலோ கையுறையிலோ கிருமி ஏறியிருந்தது. நோயாளியையும் சேர்த்துத் தொட்டவர்களில் 70 விழுக்காடு. "நான் நோயாளியைத் தொடவே இல்லையே, மருந்து ஏற்றும் பம்ப்பைத்தானே அணைத்தேன்" என்று நர்ஸும் டாக்டரும் சொல்வதை நான் கேட்காத வாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்கள் என்று 2009-இல் வகுத்ததில் ஐந்தாவது, நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பிறகு. ஐந்தில் அதிகம் விட்டுப்போவதும் அதுதான் என்பது என் அனுபவம்.

நீங்கள் செருப்பைக் கழற்றியதைச் சொன்னீர்கள். நம்மூர் ஐ.சி.யு.க்களில் தரைக்கும் செருப்புக்கும் கொடுக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்கு மானிட்டர் பொத்தானுக்குக் கிடைத்தால் போதும். தரையில் கிருமி நிறையவே இருக்கும், ஆனால் யார் கையால் தரையைத் தொட்டுவிட்டு நோயாளியின் குழாயைத் தொடுகிறார்கள்? செருப்பு உறையை மாட்டக் குனிந்து, கையால் செருப்பைத் தொட்டு, அதே கையோடு உள்ளே போவதைவிடச் செருப்போடு போய்க் கையைக் கழுவுவது மேல்.

சுத்தம் செய்வதில் உண்மையில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஃபிலிப் கார்லிங் எளிய சோதனை ஒன்றை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா டார்ச் அடித்தால் மட்டும் ஒளிரும் ஒரு பசையை, அடிக்கடி கை படும் இடங்களில் ஊழியருக்குத் தெரியாமல் ஒரு புள்ளி வைத்துவிடுவது. நோயாளி போய், அறையைச் சுத்தம் செய்து முடித்த பின் டார்ச் அடித்துப் பார்ப்பது. புள்ளி இருந்தால் துணி அங்கே படவே இல்லை. 23 மருத்துவமனைகளில் சராசரியாக 49 விழுக்காடு இடங்கள்தாம் துடைக்கப்பட்டிருந்தன. வசதியும் பணமும் உள்ள நாட்டில், பாதி. இந்த முடிவை ஊழியர்களுக்கே காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு முக்கால் பங்குக்கு மேல் உயர்ந்தது. திட்டிப் பயனில்லை, காட்டினால் பயனுண்டு.

நம்மூரிலும் இந்தப் பசைப் புள்ளியை வைத்துப் பார்க்கலாம், செலவு மிகக் குறைவு. வைத்தால் எங்கே புள்ளி அழியாமல் இருக்கும் என்று முன்கூட்டியே என்னால் சொல்ல முடியும்: வென்டிலேட்டர் திரை, இன்ஃப்யூஷன் பம்ப், மானிட்டர், பி.பி. கஃப், அல்ட்ராசவுண்ட் கருவியின் கைப்பிடி. காரணம் சோம்பல் அல்ல. ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் "மிஷினைத் தொடாதே, ஏதாவது அணைந்துவிடும்" என்று சொல்லிவைத்திருக்கிறோம். நர்ஸோ "துடைப்பது ஹவுஸ்கீப்பிங் வேலை" என்று நினைக்கிறார். டெக்னீஷியன் பழுதானால்தான் வருவார். நோயாளிக்கு மிக அருகில், ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கை படும் பொருள் யாருடைய பட்டியலிலும் இல்லை. இதற்கு மேல், துடைப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் ஆள் மாறிவிடுகிறார். 2015-இல் வந்த காயகல்ப் திட்டத்துக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளில் சுத்தத்துக்கு மதிப்பெண் போட ஆள் வருகிறார்கள், நல்லதுதான். ஆனாலும் வளாகம் பளிச்சென்று இருப்பதும் பம்ப்பின் பொத்தான் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல.

ஆக்ஸ்ஃபோர்டில் நரம்பியல் ஐ.சி.யு. ஒன்றில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பரவியது பாக்டீரியா அல்ல, கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை. அதுவும் உலர்ந்த பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் பிழைக்கும். 70 நோயாளிகளிடம் பரவிவிட்டது. காற்றிலும் தரையிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அக்குளில் வைத்து வெப்பநிலை பார்க்கும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிறு கருவிதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுபோனது என்று தெரிந்தது. அதை நிறுத்திய பின் புதிய தொற்று குறைந்தது. 2018-இல் வெளியானது.

ஆள் போட்டால் குறையுமா? குறையும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனில் ஸ்டெஃபனி டான்சர் இரண்டு அறுவை வார்டுகளுக்குக் கூடுதலாக ஒரே ஒரு துப்புரவுப் பணியாளரை மாற்றி மாற்றி அனுப்பி ஓராண்டு பார்த்தார். கை படும் இடங்களில் கிருமி அளவு 32.5 விழுக்காடு குறைந்தது, புதிய எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றும் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவருக்குக் கொடுத்த சம்பளத்தைவிட மிச்சமான சிகிச்சைச் செலவு அதிகம். ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவமனையின் பத்து வார்டுகளில், பலருக்கும் பொதுவான கருவிகளைத் துடைக்க மட்டும் வாரநாட்களில் 3 மணி நேரம் கூடுதல் ஆள் போட்டார்கள். மருத்துவமனைத் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2024-இல் வெளியிட்டார்கள். புதிய மருந்து ஒன்று இவ்வளவு குறைத்திருந்தால் விளம்பரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார்க்கிறேன்.

மருந்தைப் பொறுத்தவரை நம்மூரில் நடக்கும் பிழைகள் சில மட்டும். பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்பது பழைய கணக்கு. அது கழிப்பறைத் தரைக்குப் போதும், ஐ.சி.யு. கருவிக்கு அதனால் பயனில்லை. பச்சிளங்குழந்தைகளின் இன்குபேட்டரில் ஃபீனால் வகைகளைப் பயன்படுத்தவே கூடாது, குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடும். நாங்கள் 'ஹைப்போ' என்று சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் நல்ல மருந்து, ஆனால் வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. ஸ்டோர் ரூமில் ஏப்ரல், மே முழுக்கக் கிடந்த கேனில் எழுதியிருக்கும் 5 விழுக்காடு உள்ளே இருக்காது. காலையில் கலந்ததை மறுநாள் பயன்படுத்தக்கூடாது. ரத்தமும் சளியும் இருக்கும் இடத்தில் முதலில் அவற்றைத் துடைத்தெடுக்காமல் ஹைப்போவை ஊற்றினால் அது அழுக்கோடே தீர்ந்துபோகும். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை நேரம். ஒவ்வொரு மருந்துக்கும் பரப்பு இத்தனை நிமிடம் நனைந்தே இருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. சிலவற்றுக்கு 1 நிமிடம், சிலவற்றுக்கு 10. ஏ.சி. காற்றில் மெல்லிய ஈரம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். பிழிந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனால் கிருமியை இங்கிருந்து அங்கே நகர்த்தியதுதான் மிச்சம். அதே துணியை அடுத்த கட்டிலுக்கும் கொண்டுபோனால் நாமே விநியோகமும் செய்கிறோம்.

ஃபாகிங் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அறையை மூடிப் புகை அடித்தால் எல்லாம் செத்துவிடும் என்று நிர்வாகங்கள் நம்புகின்றன, நோயாளியின் உறவினர்களும் அதைப் பார்த்தால் திருப்தி அடைகிறார்கள். ஃபார்மலின் புகையை ஆபரேஷன் தியேட்டரில் போடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே முடிவுசெய்துவிட்டது. புற ஊதா விளக்குக் கருவி வேறு. கையால் சுத்தம் செய்த பிறகு கூடுதலாக அதை வைத்தபோது அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வில் ஓரளவு பயன் தெரிந்தது. ஆனால் விளக்கு, நிழல் விழும் இடத்தில் வேலை செய்யாது, அழுக்கின் அடியிலும் வேலை செய்யாது. துடைக்க ஆள் போடாமல் விளக்கு வாங்குவது வீண்.

இனி உங்கள் மனதை உறுத்தும் கேள்வி: ஆஸ்பத்திரிதான் கொடுத்ததா? நேர்மையாகச் சொன்னால், ஒரு தனி நோயாளியை வைத்து இதைத் தீர்ப்பு எழுத முடியாது. வென்டிலேட்டர் குழாய் தொண்டையின் இயற்கைக் காவலைத் தாண்டி நேராக நுரையீரலுக்குப் பாதை போடுகிறது. அதற்கு முன் கொடுத்த ஆன்டிபயாடிக் அவருடைய சாதாரணப் பாக்டீரியாக்களைக் காலி செய்து, அடங்காத கிருமிக்கு இடம் ஒழித்துக்கொடுக்கிறது. மிக நல்ல ஐ.சி.யு.க்களிலும் இது நடக்கிறது. நம் நாட்டில் இதன் பளு அதிகம். தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்றைப் பார்த்த ஆய்வில் முதலிடம் அசினெட்டோபாக்டருக்குத்தான், 22 விழுக்காடு. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளில் இந்தக் கிருமியின் மாதிரிகளில் பத்தில் எட்டுக்கு மேல் கார்பாபீனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கு அடங்குவதில்லை.

மருத்துவமனையைக் கேட்க விரும்பினால் "சுத்தமாக வைத்திருந்தீர்களா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். அந்த ஐ.சி.யு.வில் அந்த மாதம் வேறு எத்தனை பேருக்கு இதே கிருமி வந்தது, 1,000 வென்டிலேட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் வென்டிலேட்டரில் இருந்தால் அது ஒரு வென்டிலேட்டர் நாள்) எத்தனை நிமோனியா என்ற கணக்கு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே காலத்தில் மூன்று நான்கு பேருக்கு, ஒரே மாதிரி மருந்து எதிர்ப்போடு வந்திருந்தால் அது கையிலோ கருவியிலோ போயிருக்கிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். கணக்கே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

வீட்டு விஷயம். அசினெட்டோபாக்டர் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நிறை மாதத்தில் பிறந்து, நலமாக இருக்கும் குழந்தை அதே வீட்டில் இருப்பதற்குத் தடை இல்லை. தாத்தா தூக்கலாம், கொஞ்சலாம். அப்பாவுக்குக் கழுத்தில் டிராக்கியாஸ்டமி குழாயோ, சிறுநீர்க் குழாயோ, படுக்கைப்புண்ணோ இருந்தால் அவற்றைக் கையாளும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். அதைச் செய்த கையோடு குழந்தையின் பால் பாட்டிலைத் தொடாதீர்கள். சளி உறிஞ்சும் கருவியின் ஜாடியையும் குழாயையும் தினமும் கழுவி முழுதாகக் காயவிடுங்கள், நெபுலைசர் கிண்ணத்தையும் அப்படியே. இவை ஈரமாகக் கிடந்தால் மற்றவற்றைத் துடைத்துப் பயனில்லை. படுக்கை விரிப்பை வழக்கமான சோப்பில் துவைத்து வெயிலில் போடுங்கள். நல்ல வெயில் கிடைக்கும் ஊரில் இருந்தால் அது இலவச மருந்து. கட்டில் கம்பி, மேசை, ரிமோட் ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சளியோ ரத்தமோ பட்ட இடத்தை முதலில் துடைத்துவிட்டு, கடையில் கிடைக்கும் 5 விழுக்காடு ஹைப்போ ஒரு பங்குக்குத் தண்ணீர் 49 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரமாக வைத்துத் துடையுங்கள். ரிமோட், மோட்டார் போன்றவற்றின் மேல் இதை ஊற்ற வேண்டாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு ஹைப்போவைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

வீடு முழுக்கப் புகை போட வேண்டாம், டெட்டால் தெளிக்க வேண்டாம். அப்பாவுக்குக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இல்லாமல், சளி கல்ச்சரில் மட்டும் மீண்டும் இந்தக் கிருமி வந்தால் அதற்கென்று ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். அது அங்கே குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. மருந்து கொடுத்தால் குடியிருப்பது போகாது, எதிர்ப்புதான் கூடும். பழைய கல்ச்சர் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஓராண்டுக்குள் எந்த மருத்துவமனையில் அவரைச் சேர்க்க நேர்ந்தாலும் அட்மிஷன் போடும்போதே அதைக் காட்டுங்கள். அவர்கள் தனி அறை கொடுப்பதற்கும், அவருக்கென்று தனி ஸ்டெதஸ்கோப்பும் பி.பி. கஃப்பும் ஒதுக்குவதற்கும், காய்ச்சல் வந்தால் முதல் நாளே சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் அந்த ஒரு தாள் உதவும்.